வீட்டுக்குத் திரும்பி வந்த மின்கலம்: ஹைதராபாத்தின் தொடர்புச் சாதனங்களும் மாற்று மின்சாரமும்

செப்புக் கம்பியில் இயங்கிய தொலைபேசிக்கு ஒரு குணம் இருந்தது. தெருவே இருளில் மூழ்கினாலும் அது பேசும். 2012, 2013 ஆண்டுகளின் மின்வெட்டுக் காலத்தில் ஹைதராபாத் வீடுகளில் விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் கணினியும் ஓய்ந்துபோன பின்பும், கூடத்து மூலையில் இருந்த தொலைபேசியின் ரிசீவரை எடுத்தால் டயல் ஒலி கேட்டது. இன்று அதே வீடுகளில் ஒளியிழை இணைப்பு இருக்கிறது. மின்சாரம் பத்து விநாடி நின்றாலும் ரவுட்டர் அணைந்து, மீண்டும் எழுந்து, இணைப்பைத் தேடிப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. இணையவழி வாய்மொழித் தேர்வில் அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவருக்கு அந்த மூன்று நிமிடங்கள் சிறியவை அல்ல. பழைய தொலைபேசிக்கு மின்சாரம் கொடுத்தது யார், புதிய கருவிக்குக் கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றினாலும், அதன் விடை வரலாற்றில்தான் கிடைக்கிறது.

தொலைபேசியின் தொடக்க காலத்தில் மின்கலம் சந்தாதாரரின் வீட்டிலேயே இருந்தது. 1882 ஜனவரியில் கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்ட காலத்துக் கருவிகள், 1866இல் லெக்லாஞ்சே உருவாக்கிய வகையைச் சேர்ந்த மின்கலங்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இயங்கின. நிலையத்தை அழைக்கக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். மின்கலம் வற்றினால் யாரேனும் வந்து மாற்ற வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அமெரிக்காவில் பொது மின்கல முறை புழக்கத்துக்கு வந்தபோது இந்தத் தொல்லை நீங்கத் தொடங்கியது. எல்லா வீடுகளின் மின்கலங்களையும் அகற்றி, அவற்றுக்குப் பதிலாக நிலையத்தில் ஒரே பெரிய மின்கல அடுக்கை வைத்தார்கள். பேச்சு சென்ற அதே இரட்டைக் கம்பியில் மின்சாரமும் சென்றது. மின்கலம் வீட்டை விட்டு வெளியேறியது. அத்துடன் மின்கலத்தைப் பற்றிய கவலையும் நிறுவனத்தின் தோளுக்கு மாறியது.

அந்த அடுக்கின் மின்னழுத்தம் 48 வோல்ட் என்று உலகெங்கும் நிலைபெற்றது. இரண்டு வோல்ட் ஈய-அமிலக் கலங்கள் இருபத்து நான்கைத் தொடராக இணைத்தால் அது கிடைக்கும். சில கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய செப்புக் கம்பியின் தடையைத் தாண்டிச் செல்ல அது போதும்; பழுது பார்ப்பவரின் கை பட்டால் உயிருக்கு ஆபத்தும் பெரும்பாலும் இல்லை. நேர்முனையை நிலத்தோடு இணைத்து எதிர்மின்னழுத்தத்தைக் கம்பியில் விட்டதற்கும் காரணம் உண்டு. ஈரம் புகுந்த நிலத்தடி வடத்தில் மின்னாற்பகுப்பு நிகழ்ந்தால் செப்பு அரிக்கப்படாமல் காக்கும் ஏற்பாடு அது. இன்றைய கைப்பேசிக் கோபுரத்தின் கருவிகளும் எதிர் 48 வோல்ட்டில்தான் இயங்குகின்றன. மாநகரங்களின் வேறு எந்த மின்னமைப்பும் இவ்வளவு காலம் மாறாமல் இருந்ததாகச் சொல்வது கடினம்.

நிலையங்களின் மின்கல அறை தனி உலகம். அமில நெடி, வரிசை வரிசையாக நின்ற கலங்கள், வடிநீர்க் குடங்கள், அடர்த்திமானி. ஊழியர் மாதிரிக் கலத்தின் அமில அடர்த்தியையும் மின்னழுத்தத்தையும் அளந்து பதிவேட்டில் எழுதுவார். மின்வாரியத்தின் மின்சாரம் நின்றால் கருவிகள் அதை உணர்வதே இல்லை. ஏனெனில் அவை எப்போதும் மின்கலத்தோடு இணைந்தே இருந்தன. வெளி மின்சாரத்தின் வேலை மின்கலத்தை நிரப்பி வைப்பது மட்டுமே. நீண்ட மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் இருந்தது. மின்வெட்டில் பேசிய தொலைபேசிக்குப் பின்னால் இருந்தவை இந்தப் பதிவேடும் அதை எழுதிய கையும்தான். 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல் நிறுவனத்திலிருந்து 78,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறியபோது, இந்தப் பராமரிப்பு அறிவில் ஒரு பகுதியும் அவர்களோடு வெளியேறியிருக்கும். நிறுவன வரலாறுகளில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

ஹைதராபாத் இந்தக் கதையில் பயன்படுத்திய நகரம் மட்டுமல்ல, உற்பத்தி செய்த நகரமும்கூட. ரயில்வேக்கும் பாதுகாப்புத் துறைக்கும் தொலைத்தொடர்புக்கும் மின்கலம் செய்த எச்பிஎல் 1977இல் இங்கு தொடங்கியது. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் மறுகோடியில், திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில், கல்லா ராமச்சந்திர நாயுடு 1985இல் அமர ராஜாவை நிறுவினார். அடைப்பிட்ட ஈய-அமில மின்கலம் அந்நிறுவனத்தின் முதல் அடையாளம். 1984இல் அமைக்கப்பட்ட சி-டாட் வடிவமைத்த 128 இணைப்புகள் கொண்ட ஊரகத் தொலைபேசி நிலையம் 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவப்பட்டது. குளிரூட்டும் வசதி இல்லாமலே இயங்கும்படி அது அமைக்கப்பட்டதைப் பலரும் வெப்பத்தைத் தாங்கும் திறனாகப் புகழ்வதுண்டு. மாற்று மின்சாரத்தின் நோக்கில் அதன் பொருள் இன்னும் பெரிது. மின்வெட்டில் குளிரூட்டியையும் ஓட்ட வேண்டிய நிலையத்துக்கு ஜெனரேட்டர் இல்லாமல் தீராது. குளிரூட்டி வேண்டாத நிலையம் மின்கலத்தை மட்டுமே நம்பி நிற்கலாம். எவ்வளவு மின்சாரம் சேமிக்கலாம் என்பதற்கு முன், எவ்வளவு தேவைப்படாமல் செய்யலாம் என்று கேட்ட வடிவமைப்பு அது.

அடைப்பிட்ட மின்கலத்துக்கு நீர் ஊற்ற வேண்டாம், தனி அறை வேண்டாம். கோபுரங்கள் பெருகிய காலத்தில் அது இன்றியமையாததாயிற்று. ஆனால் வெப்பம் அதன் பகை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி உயர்வுக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் தக்காணத்தில் இந்த விதி இரக்கமின்றிச் செயல்படுகிறது. எனவே கோபுரங்கள் டீசலை நாடின. நாட்டின் கோபுரங்கள் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி லிட்டர் டீசல் எரிப்பதாக 2011இல் டிராய் மதிப்பிட்டது. ஊரகக் கோபுரங்களில் 50 விழுக்காடும் நகர்ப்புறக் கோபுரங்களில் 20 விழுக்காடும் 2015க்குள் கலப்பு மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்று 2012 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது.

அந்த ஆண்டின் மின்வரலாறு சிக்கலானது. 2012 ஜூலை 30, 31 நாள்களில் வட இந்தியாவை இருளாக்கிய பெரும் மின்முடக்கம் ஹைதராபாத்தைத் தொடவில்லை. தென்னக மின்தொகுப்பு அப்போது தனியே இயங்கியது. ராய்ச்சூர்-சோலாப்பூர் தடம் வழியே அது நாட்டின் தொகுப்போடு ஒத்திசைந்தது 2013 டிசம்பர் 31இல்தான். அந்தத் தனிமை பெரும் முடக்கத்திலிருந்து காத்தது. வடக்கே மிகுந்திருந்த மின்சாரத்தை வேண்டிய அளவு தெற்கே கொண்டுவர முடியாமல் போனதற்கும் அதுவே காரணம். தமிழகமும் ஆந்திரமும் நாள்தோறும் பல மணி நேர வெட்டை அனுபவித்த ஆண்டுகள் அவை. இன்வெர்ட்டர் நடுத்தர வர்க்க வீட்டின் நிலையான பொருளாக வேரூன்றியதும் அப்போதுதான். 2014 ஜூனில் தெலங்கானா பிரிந்த பின் நிலைமை சில ஆண்டுகளில் சீரடைந்தது. மணிக்கணக்கான வெட்டு அரிதாகி, கோடைமழைக் காற்றில் மரம் சாய்வது, மின்வழி துண்டிக்கப்படுவது, மின்மாற்றிப் பழுது போன்ற குறுகிய தடைகள் மிஞ்சின. விசிறிக்கு இவை சிறு துன்பம். ரவுட்டருக்கோ பத்து விநாடித் தடையும் முழுத் தடைதான்.

2017இல் ஏசிடி ஃபைபர்நெட் நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தை ஹைதராபாத்தில் அறிவித்தபோது வேகமே பேசுபொருளாக இருந்தது; மின்சாரத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கண்ணாடி இழை ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. செப்புக் கம்பியில் பேசும்போது மட்டும் சில பத்து மில்லி ஆம்பியர் ஓடியது. ஒளியிழை முனையமும் ரவுட்டரும் சேர்ந்து பகலும் இரவும் பத்துப் பதினைந்து வாட் உண்கின்றன. அந்த மின்சாரத்தை நிலையத்திலிருந்து அனுப்ப வழியே இல்லை. இவ்வாறு, நூறாண்டுக்கு முன் வீட்டை விட்டுப் போன மின்கலம் வீட்டுக்கே திரும்பி வந்தது. இம்முறை அதை வாங்குவதும் மாற்றுவதும் சந்தாதாரரின் பொறுப்பு. மாற்றிக் கொடுக்க ஊழியர் வருவதில்லை.

வாங்குவோர் முன் இருக்கும் வழிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. வீட்டு இன்வெர்ட்டரை எடுத்துக்கொண்டால், 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 230 வோல்ட் மாறுமின்சாரம் உண்டாக்கப்படுகிறது. ரவுட்டரின் அடாப்டர் அதை மீண்டும் 12 வோல்ட்டுக்கு இறக்குகிறது. பத்து வாட் கருவிக்காக, இன்வெர்ட்டர் தன்னை இயக்கிக்கொள்ளவே ஏறக்குறைய அதே அளவைச் செலவிடும். வீட்டுக்கு வேறு தேவைகள் இருந்தால் இது குற்றமில்லை. ஆனால் அதன் பின்புறத்திலுள்ள ஒரு சிறு பொத்தானைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளியில் ரவுட்டர் அணைந்து எழக்கூடும். யுபிஎஸ் நிலைக்கு மாற்றினால் அந்த இடைவெளி பெரும்பாலான அடாப்டர்கள் தாங்கும் அளவுக்குக் குறையும்.

ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறு யுபிஎஸ், 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கும். பழைய நிலையத்தின் தத்துவம் உள்ளங்கை அளவில் திரும்பியிருப்பது போன்றது அது: மின்கலம் எப்போதும் சுற்றில் இருக்கிறது, கருவிக்குத் தடை தெரிவதில்லை. பெட்டியில் அச்சிட்ட எண்ணில்தான் மயக்கம். 7,800 மில்லி ஆம்பியர்-மணி என்பது பெரும்பாலும் மூன்று லித்தியம் கலங்களின் கூட்டுத்தொகை. ஒவ்வொன்றின் அழுத்தமும் 3.7 வோல்ட். பெருக்கினால் ஏறத்தாழ 29 வாட்-மணி கிடைக்கும். 12 வோல்ட்டால் பெருக்கிப் பார்க்கும் மாணவர் 93 என்று எண்ணி ஒன்பது மணி நேரத்தை எதிர்பார்ப்பார். பத்து வாட் இணைப்புக்கு உண்மையில் இரண்டரை மணி நேரம் கிடைத்தால் நல்லது.

இவ்வளவு செய்தும் இணைப்பு அறுவதுண்டு. பல அடுக்ககங்களில் ஒளியிழை கட்டடம் வரை மட்டுமே வந்து, அங்குள்ள சுவிட்ச் பெட்டியிலிருந்து லேன் கம்பிகளாகப் பிரிந்தது. அந்தப் பெட்டிக்கு மின்கலம் இல்லையென்றால் வீட்டுக்குள் இருக்கும் யுபிஎஸ் ஓர் அணையா விளக்கு, அவ்வளவே. வீடு வரை இழை வரும் பிற்கால அமைப்பில் இடையிலுள்ள பிரிப்பான் மின்சாரமே கேட்பதில்லை. இரு முனைகள் விழித்திருந்தால் போதும். மின்கலம் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

2020 அக்டோபர் 13, 14 இன் பெருமழை இதையெல்லாம் ஒரே இரவில் சோதித்தது. பேகம்பேட்டையில் 24 மணி நேரத்தில் சுமார் 19 சென்டிமீட்டர் பெய்தது. ஹைதராபாத் அடுக்ககங்களில் மின்பலகையும் பல இடங்களில் ஜெனரேட்டரும் அவ்வூரார் ‘செல்லார்’ என்றழைக்கும் நிலவறையிலோ தரைத்தளத்திலோ இருப்பது வழக்கம். செல்லார்கள் குளமாயின, நீர் சூழ்ந்த கட்டடங்களுக்குப் பாதுகாப்புக் கருதி மின்சாரம் நிறுத்தப்பட்டது. பெருந்தொற்றால் வீடே அலுவலகமும் வகுப்பறையுமாக இருந்த ஆண்டு அது. 1908 செப்டம்பரின் மூசி வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கும் நகரம், தன் ஜெனரேட்டரை மட்டும் தாழ்விடத்தில் வைக்கப் பழகியது விந்தை.

வேறு நாடுகள் இந்தப் பொறுப்பு மாற்றத்தைக் குறைந்தபட்சம் பெயர் சொல்லி அழைத்தன. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 2015இல், வீட்டுக் குரல் சேவைக்கு எட்டு மணி நேர மாற்று மின்சாரத்தை வாடிக்கையாளர் வாங்கும் வாய்ப்பாக முன்வைக்க வேண்டும் என்றது; மூன்றாண்டுக்குள் 24 மணி நேர வாய்ப்பும் தர வேண்டும். செலவு வாங்குபவருடையது. பிரிட்டனின் ஆஃப்காம் 2018இல், தரைவழித் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்போருக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு இயங்கும் தீர்வு கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என வழிகாட்டியது. இந்தியாவில் டிராய் 2024இல் கொண்டுவந்த சேவைத் தர விதிகள், 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பெரும் வலையமைப்பு முடக்கத்துக்குக் கட்டணக் கழிவு தருகின்றன. வலையமைப்பு நலமாக இருந்து, வீட்டு முனையம் மட்டும் மின்சாரமின்றி உறங்கினால் அது இந்தக் கணக்கில் வராது. விடுதி அறையில் நால்வர் ஓர் இணைப்பைப் பகிரும் இடத்தில், யுபிஎஸ் வாங்கும் பணம் யாருடையது என்பதையும் எந்த விதியும் கேட்பதில்லை.

நிலையத்தின் ஈய மின்கலங்கள் ஆயுள் முடிந்ததும் மொத்தமாக ஏலத்துக்குப் போயின. எடையும் கணக்கும் இருந்தன. 2001இன் மின்கல விதிகள் ஈய-அமிலத்தை மட்டுமே கருதியவை. 2022 ஆகஸ்டில் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியத்தையும் சேர்த்து, திரும்பப் பெறும் கடமையை உற்பத்தியாளர் மீது வைத்தன. அதே ஆண்டு டிசம்பரில், மகபூப்நகரை அடுத்த திவிட்டிப்பள்ளியில் லித்தியம் கலங்கள் தயாரிக்க அமர ராஜா தெலங்கானா அரசுடன் ஒப்பந்தம் செய்தது. பத்தாண்டுகளில் 9,500 கோடி ரூபாய் முதலீடு. அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில், கோட்டியின் குஜராத்தி கல்லியிலும் செகந்திராபாத் செனாய் டிரேட் சென்டரிலும் ரவுட்டர் யுபிஎஸ் கேட்டு வருவோர் பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள். உள்ளிருக்கும் கலம் எங்கே செய்யப்பட்டது என்பதும், உப்பிப்போன பின் அதை யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்பதும் அந்தப் பேரத்தில் பேசப்படுவதில்லை.