மருத்துவமனையில் உருவான ஆராய்ச்சியாளர்

நோய் தீர்க்கும் மருத்துவர் நோயாளியின் அருகில் நிற்பவர். நோயின் மூலத்தைத் தேடும் அறிஞர் ஆய்வுக்கூடத்தில் பொழுதைக் கழிப்பவர். இவ்விருவர் பணியையும் ஒருவரே ஆற்றும் திறன் பெறுவாரானால் மருத்துவக்கலை எத்துணை வளம் பெறும்! அத்தகையோரைப் பயிற்றி உருவாக்குதல் இயலுமா? இயலும் என்பதற்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நாட்டில் நடைபெற்ற பெருமுயற்சி ஒன்று சான்றாக விளங்குகிறது. ஆயினும் அம்முயற்சிக்கு மாணாக்கரைத் திரட்டித் தந்தது கல்வி வேட்கை மட்டுமன்று, போரும் ஆகும்.

வார்டும் ஆய்வுக்கூடமும்

வாஷிங்டன் நகருக்கு அருகிலுள்ள பெதெஸ்டா என்னும் ஊரில், அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. அங்கே 1953-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புதியதொரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 500 படுக்கைகளைக் கொண்ட அம்மனையில், நோயாளர் வார்டுகளை அடுத்தே ஆய்வுக்கூடங்களும் அமைக்கப்பட்டன. காலையில் நோயாளியைக் கண்ட மருத்துவர், சில அடி நடந்தால் தம் ஆய்வு மேசையை அடைந்துவிடலாம். ஆராய்ச்சிக்குரிய நோயுடையோர் மட்டுமே அங்குச் சேர்க்கப்பட்டனர். அவர்களிடம் கட்டணம் பெறப்படவில்லை. இடர் மிகுந்த ஆய்வை ஒரு மருத்துவர் தாமே முடிவு செய்யலாகாது, பலர் கூடி ஆராய்ந்த பின்னரே தொடங்க வேண்டும் என்னும் விதியும் அதே ஆண்டில் வகுக்கப்பட்டது.

கட்டிடம் எழுந்தது; பணியாற்ற இளைஞர் வேண்டுமே! இங்கேதான் போர் குறுக்கிட்டது. கொரியப் போரின்போது, 1950-ஆம் ஆண்டில், மருத்துவர்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைக்கும் சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. பொதுச் சுகாதாரப் பணித்துறையில் ஈராண்டு பணியாற்றினால் அதுவும் படைச்சேவையாகவே கொள்ளப்படும். ஆராய்ச்சி நிலையம் அத்துறையைச் சார்ந்ததாகையால், இளம் மருத்துவர்கள் அங்கு இணையாளராகச் சேர விரும்பினர். வியட்நாம் போர் மூண்ட 1960-களில் போட்டி மிகக் கடுமையாயிற்று. பெயர்பெற்ற மருத்துவக் கல்லூரிகளின் தலைமாணாக்கர்கள் வரிசையில் நின்றனர். போர்க்களம் சென்ற வீரரின் பச்சைக் குல்லாயை நினைவூட்டி, இவர்களை ‘மஞ்சள் குல்லாயர்’ என்று எள்ளி நகையாடினோரும் உண்டு.

பயிற்சியின் முறை

இப்பயிற்சியில் பாடப்புத்தகத்துக்குத் தலைமை இல்லை. சில மாதம் வார்டில் நோயாளரைப் பேணுதல், எஞ்சிய காலம் தேர்ந்த அறிஞர் ஒருவரின் கூடத்தில் அவர் அருகிருந்து பணிசெய்தல் என்பதே பொதுவான முறை. மாலை வேளைகளில் வகுப்புகளும் நடைபெற்றன. ஊதியம் தடையின்றி வந்தமையால், பொருள் தேடும் கவலையின்றி ஒரே கேள்வியைப் பற்றி ஈராண்டு சிந்திக்க முடிந்தது.

1968-ஆம் ஆண்டு ஜூலையில் சேர்ந்த குழுவை நோக்கினால் இதன் பயன் தெளிவாகும். ஹெரால்ட் வார்மஸ் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின் மருத்துவம் பயின்றவர். ஆய்வுக்கூடப் பழக்கம் பெரிதும் இல்லாதவர். அவர் ஐரா பாஸ்டன் என்னும் அறிஞரிடம் பயின்றார். ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் இதயநோய் மருத்துவராக விழைந்தவர். தொடக்கத்தில் நெடுநாள் தம் சோதனைகள் பலிக்காமல் மனம் சோர்ந்தார். ஜோசப் கோல்ட்ஸ்டீன், மரபுக் குறியீட்டைக் கண்டறிந்த மார்ஷல் நைரன்பர்க்கின் கூடத்தில் பணியாற்றினார். வார்டிலோ, பிறவியிலேயே இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்து, இளமையிலேயே மாரடைப்புக்கு ஆளாகும் சிறுவரைக் கண்டார். அந்நோயின் காரணத்தை அறியும் வேட்கை, அவரையும் நண்பர் மைக்கேல் பிரவுனையும் பின்னர் டல்லாஸ் நகரில் ஒன்றுசேர்த்தது. கொலஸ்டிராலை உயிரணு ஏற்கும் வழியை இருவரும் கண்டறிந்து 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். வார்மஸ் 1989-இலும் லெஃப்கோவிட்ஸ் 2012-இலும் அப்பரிசை அடைந்தனர். லெஃப்கோவிட்ஸுடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிரையன் கோபில்கா, முன்னர் அவரிடமே பயின்றவர். ஆசிரியர் ஏற்றிய விளக்கு மாணாக்கர் கையில் மற்றொரு விளக்கை ஏற்றிய காட்சி இது.

குறையும் தேய்வும்

எனினும், இத்திட்டத்தைக் குறையற்றதெனக் கூறவியலாது. கட்டாயப் படைச்சேவை ஆண்களுக்கே உரியதாகையால், சேர்ந்தோரும் பெரும்பாலும் ஆண்களே. தகுதியுடைய பெண்மக்கள் பலருக்கு இவ்வாயில் திறக்கவில்லை. இடம் கிடைத்தோர் கல்வி கற்றனர். கிடைக்காதோருள் பலர் படைக்குச் சென்றனர்.

1973-ஆம் ஆண்டில் கட்டாயப் படைச்சேவை முடிவுற்றது. அதனுடன் விண்ணப்பங்களும் குறைந்தன. 1979-இல் ஜேம்ஸ் வின்காடன் என்னும் மருத்துவ அறிஞர், நோயாளரை ஆராயும் மருத்துவரை அழிந்துவரும் உயிரினத்துக்கு ஒப்பிட்டு எச்சரித்தார். மருத்துவப் படிப்பின் செலவும் கடனும் ஏறிய நாட்டில், சிகிச்சைத் தொழிலின் வருவாயை விட்டு ஆராய்ச்சியை நாடுவோர் எத்தனை பேர்?

இதற்கு மாற்று வழிகள் தேடப்பட்டன. மருத்துவப் பட்டத்தையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் ஒருங்கே பெற 1964-இலேயே அரசு உதவித்தொகை வகுத்திருந்தது. 1995-இல் பெதெஸ்டா மருத்துவமனையின் தலைவர் ஜான் கேலின், ஆய்வுத் திட்டம் வகுத்தல், புள்ளியியல், அறநெறி ஆகியவற்றைக் கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கினார். 1999 முதல், நோயாளரை ஆராயும் இளம் மருத்துவர்களுக்கெனத் தனி உதவிநிதி வழங்கப்பட்டது. அதைப் பெறுவோர் தம் பணிநேரத்தில் முக்கால் பங்கை ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் விதி.

அவ்விதியிலேயே இவ்வரலாற்றின் கருத்து அடங்கியுள்ளது. கட்டாயச் சட்டம் இளைஞரை வாயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது, அறிஞராக்கியது அதுவன்று. கண்முன்னே நோயாளி, அருகிலே ஆசான், கையிலே கவலையற்ற காலம் என்னும் மூன்றுமே அவர்களை உருவாக்கின. இம்மூன்றுள் நாடுகள் எளிதில் தர மறுப்பது காலத்தையே. இலக்கியம் பயின்ற இளைஞரும், சோதனையில் தோற்றுச் சோர்ந்த இளைஞரும் பின்னாளில் உலகம் போற்றும் அறிஞராயினர். தோற்கவும் மீண்டும் முயலவும் அவர்களுக்கு ஈராண்டு கிடைத்தது. அக்காலத்தைப் போரின் நெருக்கடியில் வழங்கிய நாடு, அமைதிக் காலத்தில் வழங்கத் தயங்கியது என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது.