300 மீட்டரில் ஒரு கரடி

அப்பா பணி ஓய்வு பெற்ற அன்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு தடவை நிஜக் குளிரப் பாத்துடணும்மா."

ஏர்கான் சர்வீஸ் வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். ஊரார் வீட்டுக்கெல்லாம் குளிரைத் தோளில் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு, சுவா சூ காங்கில் எங்கள் வீட்டில் மின்விசிறியின் கீழே படுத்தவர். நானும் அதே தொழிலின் கொஞ்சம் சொகுசான முனையில் இருக்கிறேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, கட்டடங்களுக்குக் குளிரூட்டும் அமைப்பை வடிவமைக்கும் வேலை. அப்பா ஏணியில் ஏறிச் செய்ததை நான் எக்செல்லில் செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் வடக்கே போகும் ஒரு சொகுசுக் கப்பல் என்று முடிவானது. அம்மாவுக்கும் சம்மதம், மலை ஏற வேண்டாம், பெட்டியை ஊர் ஊராக இழுக்க வேண்டாம். எல்லாம் பேசி முடித்தபிறகு அப்பா மெதுவாகக் கேட்டார். "அங்க கரடி பாக்க முடியுமா?"

அவர் கேட்டது வெள்ளைக் கரடியை. ஏன் என்று நான் கேட்கவில்லை. சிங்கப்பூரில் 1990க்கும் 2018க்கும் இடையில் பிள்ளை வளர்த்த எந்தக் குடும்பத்திலும் அந்தக் கேள்வி தேவைப்படாது.

முதலில் பார்த்தது ஸ்வால்பார்ட். நார்வேக்கு வடக்கே, வட துருவத்துக்குப் போகும் வழியில் கிடக்கும் தீவுக்கூட்டம். கோடையில் சிறிய கப்பல்கள் துருவக்கரடி தேடிப் போகும். விலையைப் பார்த்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தேன். அதைவிட முக்கியமானது ஒரு விதி. 2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்ட்டில் துருவக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மார்ச் 1இலிருந்து ஜூன் 30வரை 500 மீட்டர். கரடியே உங்களை நோக்கி வந்தாலும் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். மாடித் தாழ்வாரத்தில் நின்று கண்ணாலேயே அளந்தார். எதிர் புளோக், கார் நிறுத்துமிடம், அதற்கப்பால் எல்ஆர்டி பாதை. "அந்தத் தூண்கிட்ட நிக்கிற ஆளு ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல. அவ்ளோ காசு குடுத்து ஒரு மஞ்சப் புள்ளியப் பாக்கணுமா?" பிறகு அவரே சொன்னார்: "இனுக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கை வச்சா அந்தப் பக்கம் மூக்க வைக்கும்."

அந்தக் கண்ணாடியின் தடிமனுக்கும் இந்த 300 மீட்டருக்கும் நடுவில் ஒரு வரலாறு இருக்கிறது. பயணத் திட்டத்தை மூடிவைத்துவிட்டு நான் அதில் விழுந்துவிட்டேன். அது தொடங்கும் இடத்தில் கண்ணாடியே கிடையாது, சாப்பாட்டு மேசைதான் இருக்கிறது.

சிங்கப்பூரை 'நிறுவியவர்' என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் இந்தத் தீவில் வாழ்ந்தது மொத்தமாகச் சில மாதங்கள்தான். 1818முதல் 1824வரை அவருடைய உத்தியோகமும் வீடும் சுமத்ராவின் பெங்கூலனில். அங்கே அவர் ஒரு கரடி வளர்த்தார். நம் பக்கத்துக் காடுகளின் சூரியக் கரடி. கரடி இனங்களிலேயே சிறியது, மார்பில் மஞ்சள் பிறை. அதற்கு அறிவியல் பெயர் சூட்டி லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் விவரித்தவரும் அவர்தான். இன்றும் அந்த இனத்தின் முழுப் பெயருக்குப் பின்னால் ராஃபிள்ஸ், 1821 என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலையும் ஹோட்டலும் எல்லோருக்கும் தெரியும். இது தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

விலங்கியல் விவரிப்பு என்றால் பல் எத்தனை, நகம் எவ்வளவு நீளம் என்று போகும். ராஃபிள்ஸ் அதையும் எழுதுகிறார். கூடவே, அந்தக் கரடி தன் குழந்தைகளின் அறையில் அவர்களோடு வளர்ந்தது, ஒருநாளும் அதைச் சங்கிலியில் கட்டவோ அடிக்கவோ தேவைப்படவில்லை என்கிறார். அடிக்கடி சாப்பாட்டு மேசைக்கும் வந்து உட்காருமாம். பழத்தில் மங்குஸ்தான் தவிர வேறெதையும் தொடாதாம். மதுவில் ஷாம்பேன் மட்டும். ஷாம்பேன் இல்லாத நாளில்தான் அதற்குக் கோபம் வருமாம். நம் ஊரில் இதைச் சொன்னால் 'கரடி விடாதே' என்பார்கள். ஆனால் இது அறிஞர் சபையில் வாசிக்கப்பட்ட கட்டுரை.

முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு தேதிகளைச் சேர்த்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. 1821 ஜூலையிலிருந்து 1822 ஜனவரிக்குள், ஆறே மாதத்தில், பெங்கூலனில் ராஃபிள்ஸின் மூன்று பிள்ளைகள் நோயில் இறந்தார்கள். லியோபோல்ட், ஸ்டாம்ஃபோர்ட், ஷார்லட். மிஞ்சிய எல்லாவைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசியாகப் பிறந்த ஃப்ளோராவும் சில வாரங்களில் போய்விட்டாள். கரடி விளையாடிய அறை காலியாகிவிட்டது. 1824 பிப்ரவரி 2 அன்று அவரும் மனைவியும் 'ஃபேம்' என்ற கப்பலில் ஊர் திரும்பினார்கள். அன்றிரவே கப்பல் தீப்பிடித்தது. ஆட்கள் படகில் தப்பினார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஓவியங்களும் குறிப்புகளும், உயிரோடு ஏற்றியிருந்த விலங்குகளும் கடலோடு போயின. இரண்டு வருடம் கழித்து, சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் தொடங்கிவைத்ததுதான் லண்டன் விலங்கியல் சங்கம். அந்தச் சங்கத்தின் தோட்டத்தைப் பார்த்துப் பல ஊர்களில் விலங்குத் தோட்டங்கள் முளைத்தன. நம்முடையதும் அந்த வழியில் வந்ததுதான்.

மேசையில் இடம் கொடுத்தது அன்பா? ஆம் என்றுதான் நினைக்கிறேன். அன்பாக இருந்ததால் அது சரியாகிவிடுமா என்பது வேறு கேள்வி. ஷாம்பேன் குடிக்கக் கற்ற கரடிக்குத் திரும்பிப்போகக் காடு இருந்திருக்காது.

இடையில் நம் சிராங்கூன் சாலைக்கும் ஒரு வரி. இந்திய வம்சாவளியினரான வில்லியம் லாரன்ஸ் சோமா பசாப்பா 1920களில் அந்தச் சாலையிலிருந்த தன் வீட்டில் விலங்குகளை வைத்திருந்தார். 1928இல் அவற்றைப் பொங்கோல் கடலோரத்துக்கு மாற்றினார். 'அபே' என்ற புலியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடப்பாராம். ஜப்பானியர் வரும் தறுவாயில் அந்த இடம் ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. கிடைத்தது ஒரே நாள் அவகாசம். விலங்குகளை வேறெங்கும் கொண்டுபோக முடியவில்லை. ஆபத்தானவற்றைச் சுட்டார்கள், மற்றதை அவிழ்த்துவிட்டார்கள். மறு வருடம், 1943இல், பசாப்பா இறந்தார். தேக்காவில் சாப்பிட்டுவிட்டுச் சிராங்கூன் சாலையில் நடக்கும்போதெல்லாம், இங்கே எங்கோ ஒரு வீட்டிலிருந்து புலி உறுமியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். தெருவில் யாரிடமாவது சொன்னால் கரடி என்பார்கள்.

மண்டாய் விலங்குத் தோட்டம் திறந்தது 1973 ஜூனில். ஐந்து வருடத்தில், 1978இல், துருவக்கரடிகள் வந்தன. நானூக் கனடாவிலிருந்து, ஷீபா ஜெர்மனியின் கொலோன் நகரத்திலிருந்து. 1990 டிசம்பர் 26 அன்று அவற்றுக்கு ஒரு குட்டி பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் துருவக்கரடி. பெயர் வைக்கப் போட்டி வைத்தார்கள், பத்தாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தன. இனுக்கா என்று ஆனது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். துருவக்கரடியின் தோல் கறுப்பு. அதன்மேல் உள்ளே கூடான, நிறமற்ற மயிர். தோலுக்கடியில் கெட்டியான கொழுப்பு. மொத்தமும் வெப்பத்தை வெளியே விடாமலிருக்க உருவான உடல். அதைப் பகலில் 31 டிகிரியும் இரவிலும் 24க்குக் கீழே அபூர்வமாகவே இறங்கும் வெப்பமும், மூச்சு முட்டும் ஈரப்பதமும் உள்ள ஊரில் வைப்பதென்றால், கணக்குப் போடும் பொறியாளர் முதலில் கேட்பது: வெப்பம் எங்கே போகும்? ஏர்கான் கூண்டு கொடுத்தார்கள், குளம் கொடுத்தார்கள், பனிக்கட்டி கொடுத்தார்கள். ஈரமோ வேறு வழியில் உள்ளே வந்தது. 2004இல் இனுக்காவும் ஷீபாவும் பச்சையாகிவிட்டன. கூடான மயிருக்குள் பாசி வளர்ந்திருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுத்தார்கள்.

அப்போது எனக்கு ஏழு வயது. வகுப்பில் கரடி வரையச் சொன்னபோது பச்சையில் வரைந்தேன். துருவக்கரடி வெள்ளை என்று ஆசிரியை திருத்தினார். நான் பார்த்தது பச்சை என்று அழுதேன். அப்பா அந்தத் தாளை ரொம்ப நாள் குளிர்ப்பெட்டியில் ஒட்டிவைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுவா சூ காங் பேருந்து நிலையத்திலிருந்து 927 பிடித்தால் நேரே விலங்குத் தோட்ட வாசல். அம்மா தக்காளி சாதம் கட்டிவருவார். யானை, ஒராங் ஊத்தான் எதற்கும் நிற்காமல் நேரே இனுக்காவிடம் போவோம். அப்பா கரடியைவிடக் கூரையில் தெரியும் குழாய்களைத்தான் பார்ப்பார். "இது பத்தாதும்மா," என்பார். எனக்கு அப்போது புரியவில்லை.

2006இல் விலங்குநல அமைப்பான ஏக்கர்ஸ் இதையே அறிக்கையாக எழுதியது. துருவக்கரடிக்கு வெப்பமண்டலத்தில் என்ன வேலை என்று கேட்டது. ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடப்பதையும் மூச்சிரைப்பதையும் பதிவு செய்திருந்தது. இனிமேல் துருவக்கரடி கொண்டுவர மாட்டோம் என்று விலங்குத் தோட்டம் அறிவித்தது. இனுக்காவைக் குளிர்நாட்டுக்கு அனுப்பலாமா என்ற பேச்சும் எழுந்தது. வேண்டாம் என்று முடிவானது. இங்கேயே பிறந்து பழகிய கரடி, இடமாற்றம் தாங்காது என்றார்கள். 2012இல் ஷீபா இறந்தது. 2013இல் குளிரூட்டிய குகையோடு பெரிய இடம் கிடைத்தது. அப்பா அதையும் போய்ப் பார்த்தார். "இப்ப பரவால்ல. ஆனா இருபத்திரண்டு வயசுல," என்றார்.

2018 ஏப்ரல் 25 காலை. எனக்குப் பரீட்சை நேரம். மூட்டுவாதம், பல்வலி, காதில் தொற்று, ஆறாத புண்கள். மயக்க மருந்து கொடுத்துச் சோதித்தவர்கள் அதை மீண்டும் எழுப்பவில்லை. 27 வயது. நூலகத்தில் செய்தியைப் பார்த்துவிட்டு அப்பாவை அழைத்தேன். யாரோ வீட்டு ஏணிமேல் இருந்தார். "தெரியும்மா. படி," என்று வைத்துவிட்டார்.

ஒரு பனிவயலையும் பார்க்காமல் போனது அது. நாங்களும் அதுவரை பார்க்கவில்லை. ஆனால் நாங்கள் பயணச்சீட்டு வாங்க முடியும்.

ஏக்கர்ஸ் சொன்னது சரி. பொறியாளராக எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இருந்தாலும் அந்தத் தவறு நடக்காமலிருந்தால் அப்பாவுக்கு வடக்கு என்று ஒரு திசை இருந்தே இருக்காது. இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதி எப்படிக் கூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்வால்பார்ட்டை விட்டுவிட்டு அலாஸ்காவுக்கு வந்தோம். வான்கூவரிலோ சியாட்டலிலோ ஏறினால் ஏழு இரவு. வெள்ளைக் கரடி கிடையாது, பழுப்பும் கறுப்பும்தான். ஜூனோ துறைமுகத்தில் கப்பல் ஒரு பகல் நிற்கும். அங்கிருந்து நீர்விமானத்தில் அரைமணி நேரம் போனால் அட்மிரால்ட்டி தீவு. டிலிங்கிட் மக்கள் அதற்கு வைத்த பெயருக்குக் 'கரடிகளின் கோட்டை' என்று அர்த்தம். ஏறத்தாழ 1,600 பழுப்புக் கரடிகள். பேக் க்ரீக் என்ற ஓடையில் சால்மன் ஏறும் ஜூலை, ஆகஸ்டில் நாளைக்கு 24 பேருக்குத்தான் அனுமதி. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கரடிக்கு எட்டாமல் பூட்டி வைத்துவிட வேண்டும். குறித்த இடத்தில்தான் நிற்க வேண்டும். கரடி தன் பாட்டுக்கு வரும், போகும்.

நான் அதற்கே பணம் கட்டத் தயாரானேன். அப்பா ஒரு கேள்வி கேட்டார். "விமானத்துலேந்து எப்படி எறங்கணும்?" மிதவையிலிருந்து தண்ணீரில் காலை வைத்து, முழங்கால்வரை பூட்ஸ் போட்டு, வழுக்கும் கல்லில் நடக்க வேண்டும். அப்பா எதுவும் சொல்லவில்லை. வலது முழங்காலைத் தடவிக்கொண்டார். முப்பத்திரண்டு வருட ஏணி அந்த முழங்காலில்தான் இருக்கிறது. தாமதமானால் கப்பல் காத்திருக்காது என்று நான் வேறு காரணம் கண்டுபிடித்துச் சொன்னேன். அவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

கடைசியில் தேர்ந்தெடுத்தது ஜூனோவிலேயே, மெண்டன்ஹால் பனியாற்றின் அருகிலிருக்கும் ஸ்டீப் க்ரீக். துறைமுகத்திலிருந்து பேருந்தில் போகலாம். ஓடைக்கு மேலே தூண்கள்மீது மரப்பலகைப் பாதை, இரண்டு பக்கமும் கைப்பிடி. சக்கர நாற்காலிகூடப் போகும். சால்மன் வரும் நாட்களில் கறுப்புக் கரடிகள் அந்தப் பலகைக்கு அடியிலேயே நடந்துபோகும். கரடி குட்டியோடு வந்தால் சில நேரம் பாதையை மூடிவிடுவார்கள்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பதிவு செய்தாகிவிட்டது. நேற்றிரவு அம்மா கேட்டார்: "அவ்ளோ தூரம் போயி அது வரலேன்னா?"

"வரலேன்னா வரல," என்றார் அப்பா. "அதோட இஷ்டம். நாம கம்பிக்குள்ள நிப்போம்."

பிறகு பனியாற்றுக்குப் பக்கத்தில் ஆகஸ்டில் எத்தனை டிகிரி இருக்கும் என்று கேட்டார். பன்னிரண்டு, பதினைந்து என்றேன். "அவ்ளோதானா? நம்ம ஆபீஸ்லயே பதினெட்டு வப்பாங்களே," என்று கவலைப்பட்டார்.