குமட்டலுக்கு மணிக்கட்டுப் புள்ளியழுத்தம்: இடமறிதலும் எல்லையும்

1. வரையறை

உடலின் மேற்பரப்பில் குறித்த ஓரிடத்தை, ஊசியோ மருந்தோ இன்றி, விரலால் சிறிது நேரம் அழுத்துவதைப் புள்ளியழுத்தம் (அக்குபிரஷர்) என்கிறோம். இது சீன மருத்துவ மரபில் வந்தது. தமிழ் மரபின் வர்மப் புள்ளிகளின் கணக்கும் நூல் மரபும் வேறு. இரண்டையும் ஒரே படத்தில் அச்சிட்டுத் தொங்கவிடுவது குழப்பத்தையே வளர்க்கும்.

சிறு உபாதை என்பது காரணம் தெரிந்ததும், தானே தணியக்கூடியதுமான தொல்லை. மலைப்பாதைப் பேருந்தில் வரும் குமட்டல் இவ்வரையறைக்குள் அடங்கும். காரணம் புலப்படாத வாந்தி அடங்காது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட தர நூல் 361 புள்ளிகளுக்கு இடம் வரையறுக்கிறது. வீட்டுக்கு அத்தனையும் வேண்டியதில்லை. சீன மரபு சொல்லும் ஆற்றல் பாதைகளுள் ஒன்றான இதய உறை நாடியின் 6ஆம் புள்ளியான நெய்குவானை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

2. இடமறிதல்

பிழை பெரிதும் நேர்வது இங்கேதான். சீன அளவான சுன், அங்குலம்போல் நிலையான அளவு அன்று. அது மேனியளவு, அதாவது அவரவர் உடலைக் கொண்டே அளக்கப்படுவது. கட்டைவிரல் கணுவின் அகலம் 1 சுன். கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல்களையும் சேர்த்துவைத்த அகலம் 3 சுன். நெய்குவான் மணிக்கட்டு ரேகைக்கு மேலே 2 சுன் தொலைவில், ஏறத்தாழ மூன்று விரற்கடையில், முன்கையின் உட்புறத்தில் உள்ளது. பிள்ளைக்குப் பார்க்கும் தாய் தன் விரலை வைத்து அளந்தால் புள்ளி தவறும். பிள்ளையின் விரல்களையே வைக்க வேண்டும்.

உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, முட்டி பிடித்து, மணிக்கட்டைச் சற்றே மடக்கினால் இரு தசைநாண்கள் புடைத்தெழும். அவற்றின் இடைப்பள்ளமே புள்ளி. இரண்டில் மணிக்கட்டின் நடுவில் உள்ள நாண் பிறவியிலேயே இல்லாதோரும் உண்டு. அவர்கள் கட்டைவிரல் பக்கத்து நாணைக் கண்டு, அதற்குச் சுண்டுவிரல் பக்கமாக ஒட்டியுள்ள இடத்தைக் கொள்ளலாம்.

3. அழுத்தும் முறை

கட்டைவிரலால் சீராக, இரண்டு மூன்று நிமிடம், பிறகு மறு கையில். இவ்விடத்தின் அடியில் நடுநரம்பு ஓடுகிறது. விரல்நுனி மரத்தாலோ சுருக்கென்றாலோ அழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள். பயணங்களுக்குக் குமிழ் பதித்த மணிக்கட்டுப் பட்டைகளும் கிடைக்கின்றன.

4. சான்று

பெல்ஃபாஸ்ட் மயக்கவியல் பேராசிரியர் ஜான் டண்டீயின் குழு, அறுவைக்குப் பின்வரும் வாந்திக்கு இப்புள்ளியில் ஊசியிட்ட ஆய்வை 1986இலும், மசக்கைக்கு விரலால் அழுத்திய ஆய்வை 1988இலும் வெளியிட்டது. 2015இன் காக்ரேன் தொகுப்பாய்வு 59 சோதனைகளை ஆராய்ந்து, போலிச் சிகிச்சையைவிட இப்புள்ளியைத் தூண்டுவது அறுவைக்குப் பிந்திய குமட்டலையும் வாந்தியையும் குறைப்பதாகக் கண்டது. சான்றின் தரம் குறைவு என்றும் அதுவே குறித்தது. அத்தொகுப்பில் ஊசியும் மின்தூண்டலும் அடங்கும். ஆகவே அம்முடிவை விரலழுத்தத்துக்கு அப்படியே ஏற்றுவது பொருந்தாது. மசக்கை ஆய்வுகள் ஒருமுகப்படவில்லை. முயன்று பார்க்கத் தக்கது என்ற அளவிலேயே நாம் நிற்கிறோம்.

5. விலக்கு

புண், வீக்கம், எலும்பு முறிவு உள்ள கையை அழுத்தலாகாது. தலைவலிக்குப் பரவலாகச் சொல்லப்படும் கட்டைவிரல்–சுட்டுவிரல் இடைப்புள்ளியைக் கருவுற்றோர்க்கு மரபே விலக்குகிறது. வாந்தியில் இரத்தம், தண்ணீரும் தங்காமை, சிறுநீர் குறைதல், தலையில் அடிபட்டபின் வாந்தி ஆகியன மருத்துவமனைக்கு உரியவை. நெஞ்சுவலியும் வியர்வையும் சேர்ந்த குமட்டல் மாரடைப்பாக இருக்கலாம். அப்போது முதலில் அழுத்த வேண்டியது தொலைபேசியில் 108.