ஹார்விபட்டி

மதுரை மாநகராட்சியின் தென்மேற்கில், திருப்பரங்குன்றத்தை அடுத்துத் திருமங்கலம் செல்லும் வழியில் உள்ள குடியிருப்பு. 1892இல் மதுரையில் ஓடத் தொடங்கிய மதுரா மில்ஸின் நிறுவனர்களான ஹார்வி சகோதரர்களின் பெயரைத் தாங்கியது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்காக உருவானது. பின்னர் பேரூராட்சியாகி, 2011இல் மாநகராட்சியோடு இணைந்தது. சிற்றூர் வளர்ந்து நகரமான கதையாக இதைப் படிப்பதுண்டு. ஆனால் ஆலைக் குடியிருப்பை ஊராக்கியது பேரூராட்சிக் காலம்தான். வீட்டுவரி, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு என எதற்கும் பேரூராட்சியின் செயல் அலுவலரிடம் போக முடிந்தது. அவரைக் கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் இருந்தார். ஆலையில் வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. பழுப்பு நிலக்கரி எடுக்கும் நெய்வேலியிலோ, நகரியத்தை நிறுவனமே நிர்வகித்து வந்திருக்கிறது.

மதுரைக்குப் பக்கத்தில் இருந்ததால்தான் ஹார்விபட்டி நிலைத்தது, பேரூராட்சிக்கு அதில் பங்கில்லை என்று சிலர் வாதிடலாம். மனை விலையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் தன் பெயரில் வரி வாங்கிச் செலவிடும் மன்றம் ஓர் ஊருக்கு என்ன செய்யும் என்பதை இங்கிலாந்தின் சுரங்க ஊர்களில் பார்க்கலாம். டர்ஹாம் மாவட்ட மன்றத்தின் 1951ஆம் ஆண்டுத் திட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களை ‘டி’ வகையில் தள்ளி, அங்கே புதிய முதலீடு வேண்டாம் என்றது. சுரங்கம் தேய்ந்ததும் ஊரும் தேயட்டும் என்பதே அதன் கணக்கு. முடிவெடுத்த மேசை அந்த ஊர்களில் இல்லை. மாறாக, நார்தம்பர்லாந்தின் சுரங்க ஊரான ஆஷிங்டனுக்கு 1896 முதல் சொந்த நகர்ப்புற மன்றம் இருந்தது. 1974இல் அது வான்ஸ்பெக் மாவட்டத்தில் கலந்தது, 2009இல் அந்த மாவட்டமும் மறைந்தது.

2011இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளோடும் திருநகர், விளாங்குடி பேரூராட்சிகளோடும் ஹார்விபட்டியும் சேர, மதுரையின் வார்டுகள் 72இலிருந்து 100 ஆயின. குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் பெரிய அமைப்பு தேவை என்ற இணைப்பை ஆதரித்தவர்களின் வாதத்தைத் தள்ள முடியாது; சிறிய பேரூராட்சியின் வருவாயில் அவை நடக்கிற காரியமல்ல. அதற்குக் கொடுத்த விலை, தனக்கென ஒரு மன்றம். 2016இல் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. பேரூராட்சியாக நீடித்திருந்தாலும் அந்த இடைவெளி தப்பியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் தேர்தல் வந்தபோது தலைவர் நாற்காலி ஹார்விபட்டியில் இருந்திருக்கும்.