கருக்காலத் தாய்ப்பிணைப்பும் பதற்றமும்

கருவுற்ற பெண்ணுக்கு வயிற்றுப் பிள்ளையின் மீது உண்டாகும் ஒட்டுதலைக் கருக்காலத் தாய்ப்பிணைப்பு என்பர். பதற்றமும் அதனுடன் சேர்ந்தே வளர்கிறது. கரு நிலைக்குமா, பிள்ளை குறையின்றிப் பிறக்குமா, பிரசவத்தைத் தாங்க முடியுமா என்ற அச்சம் இயல்பாகக் கருவுற்றவருக்கும் உண்டு, சோதனைக்குழாய் முறை போன்ற சிகிச்சையால் கருவுற்றவருக்கும் உண்டு. இரு தரப்பாரின் அச்சமும் ஒரே தன்மையதா, அச்சம் மிகுந்தால் ஒட்டுதல் குறையுமா என்பவை இத்துறையின் மையக் கேள்விகள். காவிரிக் கடைமடையை, சிறப்பாகக் காரைக்கால் வட்டாரத்தை, மனத்தில் கொண்டு அவற்றை இக்கட்டுரை அணுகுகிறது.

வட்டாரமும் வேண்டுதலும்

காரைக்காலிலிருந்து பேரளம் செல்லும் சாலையில், திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்தில் அமைந்த ஊர் அம்பகரத்தூர். பத்ரகாளி அம்மன் கோயிலால் பெயர்பெற்றது. மணமாகி ஆண்டொன்று கழிந்த பெண்ணிடம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பது இப்பகுதியில் நலம் விசாரிப்பதன் ஒரு பகுதியாகவே இருந்துவருகிறது. கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். மாதந்தோறும் அதே கேள்விக்குத் தலைகுனிபவளுக்கோ அது காயம். கருவுறும் முன்பே பதற்றம் குடிபுகுந்துவிடுகிறது.

குழந்தை வேண்டுவோர் நாடும் இடங்கள் இங்கே அருகிலேயே உள்ளன. ஆனி மாதத்தில் காரைக்காலில் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் இறைக்கப்படும் மாம்பழத்தைப் பிடித்து உண்டால் பிள்ளை வாய்க்கும் என்பது நம்பிக்கை. அவ்விழா காரைக்கால் அம்மையாருக்கு உரியது. பிள்ளை பெறாத அவரைச் சிவபெருமான் 'அம்மையே' என்று அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. குழந்தையில்லாத பெண்ணைத் தாயென அழைத்த கதை பிறந்த ஊரில், குழந்தையில்லாத பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மேற்கே தஞ்சாவூர் மாவட்டத்தில், வெட்டாற்றங்கரையில் உள்ள திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை கோயில் இருக்கிறது. கருத்தரிக்க வேண்டுவோர் அம்மன் சன்னதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலமிட்டு, பிரசாத நெய்யை 48 நாள் உண்பர். கருவுற்றவர்கள் சுகப்பிரசவத்துக்காக விளக்கெண்ணெய் வாங்கி வயிற்றில் தடவிக்கொள்வர். முனிவரின் சாபத்தால் கலைந்த கருவை அம்பிகை குடத்தில் வைத்துக் காத்து வளர்த்தாள் என்பது தலக்கதை. தாயின் உடலுக்கு வெளியே காக்கப்பட்ட கருவின் கதை இது. இன்று சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்குச் செல்லும் பெண்களில் பலர் இந்த நெய்யையும் கைவிடுவதில்லை. இரண்டையும் முரணாகக் காண வேண்டியதில்லை. காத்திருக்கும் நாட்களில் கைக்கு ஒரு வேலையும் மனத்துக்கு ஒரு பிடியும் தேவைப்படுகின்றன.

சிகிச்சையின் வருகை

உடலுக்கு வெளியே கருவாக்கிப் பெற்ற முதல் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் 1978 ஜூலை 25 அன்று பிறந்தார். பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இதே முறையில் துர்கா என்ற குழந்தை பிறந்தது. முகர்ஜியின் சாதனையை அன்றைய அதிகாரிகள் ஏற்கவில்லை. மனமுடைந்த அவர் 1981இல் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் இந்திரா இந்துஜாவும் டி. சி. ஆனந்த் குமாரும் இம்முறையில் ஹர்ஷா என்ற குழந்தையின் பிறப்பைச் சாத்தியமாக்கினர். இந்தியாவில் முகர்ஜிக்கு உரிய முதன்மையைப் பின்னாளில் எடுத்துச் சொன்னவரும் அதே ஆனந்த் குமார்தான். தென்னிந்தியாவில் 1990இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் இம்முறையில் முதல் குழந்தையைப் பிறக்கச் செய்தார்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலேனும் குழந்தையின்மையை எதிர்கொள்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. ஏறத்தாழப் பாதித் தம்பதிகளில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. ஆனாலும் ஊசியும் மருந்தும் பெரும்பாலும் பெண்ணுடலுக்கே, ஊர்ப்பேச்சும் அவளுக்கே.

அளவைகளும் கண்டறிந்தவையும்

தாய்–சிசுப் பிணைப்பை அளக்க அமெரிக்கச் செவிலியர் மெக்கா கிரான்லி 1981இல் 24 கூற்றுகள் கொண்ட அளவையை வெளியிட்டார். ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் காண்டன் 1993இல் 19 கேள்விகள் கொண்ட மற்றொன்றைத் தந்தார்.

இவற்றைக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன. சிகிச்சையால் கருவுற்றவர்களின் பொதுவான பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட மிகுதி அல்ல. கரு கலைந்துவிடுமோ, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற குறிப்பிட்ட அச்சம் மட்டும் அவர்களுக்குக் கூடுதல். பிள்ளையின் மீதான ஒட்டுதலோ மற்றவர்களுக்குச் சமமாகவோ சற்று மிகுந்தோ காணப்படுகிறது. அச்சம் ஒட்டுதலைத் தின்றுவிடவில்லை என்பதே இதன் பொருள். இழக்கக்கூடாதது என்று ஆனபின் அல்லவா இழப்பை நினைத்து நெஞ்சு நடுங்குகிறது.

இரு வகைத் தாய்மாரின் காலக்கணக்கும் வேறு. இயல்பாகக் கருவுற்றவளுக்கு நாள் தள்ளிப்போன பிறகே செய்தி தெரியும். பிறகு மசக்கை; தலைச்சன் பிள்ளையானால் 18 முதல் 20 வாரத்தில் முதல் அசைவு. அந்த அசைவுக்குப் பின் ஒட்டுதல் இறுகுவதை அளவைகள் காட்டுகின்றன. சோதனைக்குழாய் முறையில் கருவுற்றவளோ, கரு கருப்பைக்குள் வைக்கப்படும் நாளிலிருந்தே அதை அறிவாள். திரையில் அதைக் கண்டும் இருக்கலாம். பின்னர் ரத்தப் பரிசோதனை வரை ஏறத்தாழ இரண்டு வாரம். இருமினால் பயம், மாடிப்படி ஏறினால் பயம், கழிப்பறைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் ரத்தம் பட்டிருக்குமோ என்ற பயம். முந்தைய முயற்சி ஒன்று தோற்றிருந்தால், 'கரு தங்கியிருக்கிறது' என்று மருத்துவர் சொன்ன பிறகும் மகிழத் துணிய மாட்டாள்.

இந்தத் தயக்கத்தை ஒட்டுதல் இன்மை என்று படித்துவிடும் அபாயம் உண்டு. நம் ஊர்களில் அந்த அபாயம் இன்னும் பெரிது. கிரான்லியின் அளவை, பிள்ளைக்குப் பெயர் முடிவுசெய்தாயிற்றா என்பதையும் கணக்கில் கொள்கிறது. பல தமிழ்க் குடும்பங்களில் பிறக்கும் முன் பெயர் வைப்பதில்லை. தொட்டிலும் சட்டையும் வாங்குவதில்லை. கண்ணேறு பட்டுவிடும் என்று மாதக்கணக்கில் செய்தியையே வெளியிடுவதில்லை. சிசுவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆணா பெண்ணா என்று அறியவும் வழியில்லை. இங்கே வாய்மூடி இருப்பதும் பிள்ளையைக் காக்கும் ஒரு செயல். வெளிநாட்டு அளவையை அப்படியே மொழிபெயர்த்து மதிப்பெண் போட்டால் அம்பகரத்தூர்த் தாயின் அன்பு குறைந்து தெரியும். அது அளவையின் குறை.

ஒட்டுதலை ஊரறிய ஒப்புக்கொள்ளும் தருணம் ஏழாம் அல்லது ஒன்பதாம் மாத வளைகாப்பு. வளையொலி பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். ஏழாம் மாதத்தில் சிசுவுக்குச் செவிப்புலன் இயங்கத் தொடங்கிவிட்டதால் அது வெறும் கற்பனையன்று. சிகிச்சையால் கருவுற்ற பெண்ணுக்கோ கூட்டத்தின் நடுவே உட்காரவும் அச்சம். வேண்டாமென்று அவள் சொன்னால் வீட்டார் வற்புறுத்தாமல் இருப்பது நல்லது.

பிரசவத்துக்குப் பின்

சிகிச்சையால் பிறந்த பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் உள்ள உறவு நலமாகவே இருப்பதை இங்கிலாந்தில் சூசன் கோலம்பாக் நடத்திய நீண்டகால ஆய்வுகள் காட்டின. கவனிக்க வேண்டியவை முதல் சில மாதங்கள். சிகிச்சையால் தாயானவர்கள் குழந்தை வளர்ப்புச் சிரமங்களுக்காகத் தங்கி உதவிபெறும் மையங்களில் சேர்வது எதிர்பார்ப்பைவிட மிகுதியாக இருந்ததை 2005இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு பதிவுசெய்தது. 'தவமிருந்து பெற்றவள் அலுத்துக்கொள்ளலாமா' என்ற எண்ணம் வாயைக் கட்டிப்போடுகிறது. தூக்கமில்லை, பால் சுரக்கவில்லை, அழுகை வருகிறது என்று அவளால் சொல்ல முடிவதில்லை.

தமிழகக் கிராமத் தாய்மாரைப் பற்றிய முக்கியமான ஆய்வு வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் நடந்தது. 2002இல் வெளியான அதன் முடிவின்படி, பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 விழுக்காட்டினர். வறுமை, ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, கைவேலைக்கு உதவியின்மை ஆகியன காரணங்களுள் அடங்கும். எந்த வழியில் கருவுற்றாலும் தாயை வாட்டக்கூடியவை இவை. 

2021ஆம் ஆண்டு உதவிபெறும் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், சிகிச்சை பெறும் பெண்ணின் வயதை 21க்கு மேல் 50க்குக் கீழ் என்று வரையறுத்து, தம்பதிக்கு ஆலோசனை வழங்குவதையும் மருத்துவமனையின் கடமை ஆக்கியது. ஆனால் கரு நிலைத்ததும் பெண் அங்கிருந்து வழக்கமான மகப்பேறு மருத்துவரிடம் செல்கிறாள். சொந்த ஊரின் செவிலியருக்குச் சிகிச்சை பெற்ற செய்தியே தெரியாமலும் இருக்கலாம். அவரும் கையாளத்தக்கது, பிரசவ கால மனநிலையை அறிய உதவும் எடின்பரோ வினாத்தாள்; அது 1987இல் உருவானது. அதன் தமிழ் வடிவம் வேலூரில் சோதிக்கப்பட்டு 2005இல் வெளியானது. பத்தே கேள்விகள், ஐந்து நிமிடம். அவற்றில் மூன்று, காரணமில்லாமல் தன்னையே குற்றம் சொல்வதையும் பதற்றத்தையும் திகிலையும் பற்றியவை. பிள்ளையின் எடையை நிறுத்தபின் தாயை உட்காரவைத்து இந்த மூன்றையும் கேட்க ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தனி அறைகூடத் தேவையில்லை. மாமியாரைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொன்னால் போதும்.