வண்டின் குடலில் நத்தையைத் தேடும் எதிர்ப்பொருள் சோதனை

ஓடில்லா நத்தைகள் பயிரின் முளையையும் இளந்தளிரையும் அரித்துத் தின்பவை. அவற்றை எந்த வண்டு தின்கிறது, எவ்வளவு தின்கிறது என்பதை வண்டின் முன்குடலில் தங்கிய நத்தைப் புரதத்தைக் கொண்டு கண்டறிவதே இச்சோதனை. 1990களில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் சைமண்ட்சனும் பிரிஸ்டல் அருகே இருந்த லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தாரும் இதைச் செம்மைப்படுத்தினர். டெரோசெராஸ் ரெடிகுலேட்டம் என்னும் சாம்பல்நிற வயல் நத்தையும், டெரோஸ்டிகஸ் மெலனாரியஸ் என்னும் கரிய தரைவண்டும் அவர்கள் ஆய்வில் முதலிடம் பெற்றவை.

இரண்டும் இரவில் நடமாடுபவை. மண்கட்டிக்கு அடியில் நடக்கும் வேட்டையைக் கண்ணால் பார்ப்பது அரிது. குடலை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் பயன் குறைவே. எறும்பைத் தின்ற வண்டின் வயிற்றில் காலும் தலையோடும் மிஞ்சும். நத்தையின் உடலிலோ கெட்டியான பகுதி மிகக் குறைவு. போதாததற்கு, இவ்வண்டு இரையின்மேல் செரிமான நீரைக் கக்கி, கரைந்த சதையை உறிஞ்சுகிறது. எனவே புரதத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

தரைமட்டத்துக்குப் புதைத்த கோப்பைகளில் விழும் வண்டுகளை விரைவில் உறையவைக்க வேண்டும். தாமதித்தால் செரிமானம் தொடர்ந்து சான்று அழியும். முன்குடலைப் பிரித்து, எடைபோட்டு, கரைசலில் அரைத்து, 96 குழிகள் கொண்ட தட்டில் இடுவர். நத்தைப் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளும், பிறகு நொதி பிணைத்த இரண்டாவது எதிர்ப்பொருளும் சேர்க்கப்படும். நிறம் எழுந்தால் குடலில் நத்தை உண்டு. நிறத்தின் அடர்த்தி அதன் அளவைச் சொல்லும். 1971இல் வெளியான, எலிசா எனப்படும் இந்த முறைதான், சென்னை கிண்டியின் கிங் நிலையத்தில் டெங்குவைக் கண்டறியவும் பயன்படுகிறது. முயலில் உருவாக்கிய சீரம் சில வேளை வேறு இரைகளின் புரதத்தையும் பற்றிக் குழப்பும். கோஹ்லரும் மில்ஸ்டீனும் 1975இல் வெளியிட்ட ஒற்றைக்குல எதிர்ப்பொருள் நுட்பம் அந்தக் குறையைப் பெரிதும் போக்கியது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய முன்னுதாரணம் கொசு ஆய்வு. மதுரையின் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தினர், ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்களின் வயிற்று இரத்தத்தை அகரோஸ் கூழில் எதிர்ச்சீரத்தோடு சந்திக்கவைத்தனர். அவை பெரிதும் மாடுகளையே கடிக்கின்றன என்று 1992இல் வெளியான அவர்கள் கட்டுரை காட்டியது. மாட்டின் உடலில் அக்கிருமி கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை என்பதால், இம்முடிவின் மதிப்பு பெரிது.

இங்கிலாந்து வயல்களில், நத்தை மிகுந்த இடங்களில் வண்டுகள் திரள்வதும், வண்டு மிகுந்தால் பின்னர் நத்தை குறைவதும் வெளிப்பட்டன. அங்கு நத்தைகளுக்கு முன்பு வைத்த மெத்தியோகார்ப் நச்சு இந்த வண்டுகளையும் கொல்லக்கூடியதாக இருந்தது. தமிழகத் தோட்டங்களை மழைக்காலத்தில் நாசமாக்கும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை, 1847இல் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் எதிரிகளை அடையாளம் காணவும் இவ்வழி ஏற்றது.

சோதனைக்கு எல்லைகளும் உண்டு. வண்டு நத்தையைக் கொன்றதா, செத்ததைத் தின்றதா என்று அது சொல்லாது. நத்தையைத் தின்ற வேறொரு பூச்சியை வண்டு விழுங்கியிருந்தாலும் நிறம் எழலாம். எத்தனை நத்தைகள் என்பதும் தெரியாது. வெப்பம் கூடினால் செரிமானம் விரைவதால், சான்று நிலைக்கும் காலமும் சுருங்கும். 2000க்குப் பின் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறை பெரும்பாலும் இதன் இடத்தைப் பிடித்தது. புதிய இரை ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பொருள் உருவாக்கும் நீண்ட உழைப்பு அதற்குத் தேவையில்லை. எனினும் ஒரே எதிர்ப்பொருளைக் கொண்டு ஆயிரக்கணக்கான வண்டுகளைக் குறைந்த செலவில் சோதிக்க வேண்டிய ஆய்வுகளுக்கு எலிசாவே இன்னும் பொருத்தமானது.