விமானப் பணிப்பெண்ணின் முறுவல்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு தொழிலின் வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் ஊதியக் கணக்குகளையுமே பெரிதும் சான்றாகக் கொள்வர். அவற்றால் அறியவியலாத பகுதியொன்று ஒவ்வொரு தொழிலிலும் உண்டு. அதனைக் கதையும் நாடகமும் திரைப்படமும் காட்டவல்லன. எம்மானுவேல் மார், ஜூலி லெகூஸ்த்ர் ஆகிய இருவரும் இயக்கி, 2021ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவின் விமரிசகர் வாரத்தில் காட்டப்பெற்ற ‘ரியேன் ஆ ஃபூத்ர்’ என்னும் பிரெஞ்சு மொழிப் படம் அத்தகைய சான்றாகும். அப்படத்தை விமானப் பணிப்பெண் தொழிலின் வரலாற்றோடு பொருத்தி ஆராய முற்படுகின்றோம்.

1. தொழிலின் தோற்றம்

இத்தொழிலில் மகளிர்க்கு வழி திறந்தவர் எல்லன் சர்ச் என்னும் அமெரிக்கச் செவிலியர். அவர் விமானம் ஓட்டவே விரும்பினார். அவ்வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. செவிலியர் உடன்வரின் பறத்தற்கு அஞ்சும் பயணிகள் அச்சம் நீங்குவர் என அவர் கூறியதைப் போயிங் விமானப் போக்குவரத்து நிறுவனம் ஏற்றது. 1930 மே 15ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவுக்கும் சிக்காகோவுக்கும் இடைப்பட்ட வழியில் அவரது பணி தொடங்கியது. முதற்கண் அமர்த்தப்பெற்ற எண்மரும் மணமாகாத இளஞ்செவிலியரே. பிறரது அச்சத்தைத் தம் முகத்தால் தணித்தல் இத்தொழிலின் பிறப்பிலேயே அமைந்த கடமை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

2. விதிகளும் வழக்குகளும்

பின்னர் விதிகள் பெருகின. மணம், மகப்பேறு, எடை, அகவை ஆகிய யாவும் பணிநீக்கத்திற்குக் காரணமாயின. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1953இல் 32 அகவையை எல்லையாக வகுத்தது. வேலைவாய்ப்பில் பால்வேற்றுமை காட்டுதலைத் தடுத்த 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்தைத் துணையாகக் கொண்டு பணிப்பெண்கள் போராடவே, அங்கு இவ்விதிகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன.

இந்தியாவிலும் இவ்வழக்கு எழுந்தது. ஏர் இந்தியா நிறுவனத்திற்கும் நர்கேஷ் மீர்சாவுக்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்தது. முதற் கருவுற்றதும் பணிநீக்கும் விதி செல்லாது என நீதிமன்றம் அறிவித்தது. பணியேற்ற நான்காண்டுகளுக்குள் மணம் செய்தலாகாது என்னும் விதியையோ நிலைநிறுத்தியது. வெற்றி முழுமையானதன்று, எனினும் எழுதப்பட்ட விதியை எதிர்த்து வழக்காடுதல் இயன்றது.

எழுதப்படாத விதியின் நிலை வேறு. அமெரிக்கச் சமூகவியலறிஞர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு, 1983இல் வெளியிட்ட தம் நூலில், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, உணர்ச்சியை ஊதியத்திற்காக ஆளுதலை ‘உணர்ச்சி உழைப்பு’ எனப் பெயரிட்டார்.

3. திரைப்படம் காட்டுவது

ஐரோப்பிய ஒன்றியத்தில் வான்வழி வணிகத்தின் கட்டுப்பாடுகள் 1997இல் முற்றும் தளர்ந்தன. அதன்பின் குறைந்த கட்டண விமானங்கள் பெருகின. படத்தின் தலைவி கசாந்த்ர் அத்தகைய கற்பனை நிறுவனமொன்றில் பணிபுரியும் 26 அகவையினள். அதேல் எக்சார்கோபூலோ அப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். கானரித் தீவுகளுள் ஒன்றான லான்சரோத்தேயில் அவள் தங்கியிருக்கின்றாள். பறத்தல், பொருள் விற்றல், மதிப்பிடப்படுதல், உறங்குதல், மீண்டும் பறத்தல் என்பதே அவள் வாழ்க்கை. மணத்தையோ மகப்பேற்றையோ தடுக்கும் விதி அவளுக்கில்லை. தாயை விபத்தில் இழந்த துயரத்தை வெளிப்படுத்தும் பொழுதுதான் அவளுக்கில்லை. பெல்ஜியத்திலுள்ள தந்தையிடமும் உடன்பிறந்தாளிடமும் திரும்பும்வரை அத்துயரம் சீருடைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

படத்தின் பெயர், எதைப்பற்றியும் கவலையில்லை என்னும் பொருள்படும் கொச்சைத் தொடர். பிறரைப் பேணுதலைத் தொழிலாகக் கொண்டவளின் கதைக்கு இப்பெயர் முரணாகத் தோன்றலாம். கடமைக்காக நாள்முழுதும் கனிவு காட்டுபவள் தன்னளவில் எதனையும் உணராதிருக்கப் பழகுகின்றாள் என்பதே அப்பெயரின் உட்பொருள் என யாம் கருதுகின்றோம்.

4. முடிவு

விருந்தோம்புவார்க்கு முகமலர்ச்சி இயல்பன்றோ எனின், அது அவரவர் உள்ளத்தினின்று எழுவது. எழாதபோது வாயிலை அடைத்துக்கொள்ளும் உரிமையும் அவர்க்குண்டு. பணிப்பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது தோன்றும் நிலைக்களன்கள் நான்கெனக் காட்டினார். அந்நான்கனுள் கூலி இல்லை. உள்ளத்து நிகழ்வது மெய்யிற்படுதல் மெய்ப்பாடாயின், உள்ளத்து நிகழாததை மெய்யிற் காட்டுதல் இத்தொழிலின் கடமையாகின்றது.

1930இல் பயணிகளின் அச்சம் தீர்க்க வந்த முறுவல், இப்படத்தில் பொருள் விற்கும் முறுவலாகின்றது. அகவை விதியும் மகப்பேற்று விதியும் சட்டத்தின் துணையால் வீழ்ந்தன. முறுவல் விதியோ எந்த ஆவணத்திலும் அகப்படாமையின், அதனை வழக்கிட்டு வீழ்த்துதல் அரிது. ஆதலின், தொழில் வரலாறு எழுதப்புகுவோர் தீர்ப்புகளோடு இத்தகைய படைப்புகளையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது எம் துணிபு.